முயலைத் துரத்தாமல் மருந்து கொடுக்க

மருந்து கையில் இருக்கிறது. முயல் சோபாவுக்குக் கீழே இருக்கிறது. முயல் வளர்க்கும் வீடுகளுக்கு இப்படி ஒரு மாலைப்பொழுது என்றாவது வந்தே தீரும். காலையும் மாலையும் கொடுங்கள் என்று வைத்தியர் எழுதித் தந்திருப்பார். முதல் நாள் எப்படியோ பிடித்துக் கொடுத்துவிடுவீர்கள். இரண்டாம் நாள் சிரிஞ்சைக் கண்டதுமே ஒளித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் உங்கள் காலடிச் சத்தம் கேட்டாலே போதும், ஓடிவிடும். அந்த மூன்றாம் நாளை வரவிடாமல் செய்வது எப்படி என்பதைத்தான் இன்று கதைக்கப் போகிறேன்.

சுவிற்சர்லாந்தில் வாடகை வீட்டில் நாய், பூனை வளர்ப்பதென்றால் பெரும்பாலும் வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும். முயல், கினிப் பன்றி போன்ற சின்னப் பிராணிகளை அளவோடு வைத்திருக்கப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. அதனால்தான் அடுக்குமாடியில் வளரும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் ஆசை பல வீடுகளில் முயலில் வந்து நிற்கிறது. பெயர் வைப்பது பிள்ளை. வருத்தம் வந்தால் வேலை முடிந்து களைத்து வந்து, இரவு ஒன்பது மணிக்கு மருந்து கொடுப்பது அம்மா அல்லது அப்பா. ஊரில் ஆடு, மாடு, கோழியோடு வளர்ந்தவர்களுக்குக்கூட முயல் புதிய பிராணிதான். மாட்டுக்கு மூங்கில் கொட்டத்தில் மருந்து பருக்கிய கை, ஒன்றரைக் கிலோ முயலின் முன்னால் தடுமாறுகிறது.

இந்த நாட்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவை இங்கே சொல்லவேண்டும். 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2008 செப்டெம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் அது. நியாயமான காரணம் இல்லாமல் ஒரு விலங்குக்கு வலியும் துன்பமும் கொடுக்கக்கூடாது என்று சொல்வதோடு அந்தப் பிரிவு நின்றுவிடவில்லை. அதற்குப் பயம் உண்டாக்கவும் கூடாது என்கிறது. நோய்க்கு மருந்து கொடுப்பது நியாயமான காரணந்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒரு மில்லிலீற்றர் மருந்துக்காக அரை மணி நேரம் வீடு முழுக்கத் துரத்துவது அந்த மருந்தின் பகுதி இல்லையே. உயிரினத்தின் கண்ணியம் என்பதை 1992இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அரசியலமைப்பிலேயே சேர்த்த நாடு இது. அந்தக் கண்ணியம் நீதிமன்றத்துக்குப் போவது அரிது. எங்கள் வீட்டு வரவேற்பறைத் தரையில் அது தினமும் கேள்வியாக வரும்.

முயல் ஏன் இப்படிப் பயப்படுகிறது? அது வேட்டையாடப்படும் விலங்கு. நரி பிடித்தாலும் பருந்து பிடித்தாலும் கால்கள் நிலத்தை விட்டு எழும்பும். நாங்கள் அன்போடு தூக்கும்போதும் அதேதான் நடக்கிறது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், பின்னால் வருவதும் மேலிருந்து வருவதும் அதற்குத் தெரியும். மூக்குக்கு நேர் முன்னால் மட்டும் சின்ன இடம் தெரியாது. நாங்களோ பெரும்பாலும் மேலிருந்து குனிந்து, மூக்குக்கு நேரே சிரிஞ்சை நீட்டுகிறோம். முயல் பயப்படுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பயத்தோடு முடிந்துவிடும் விடயமும் இல்லை இது. முயலின் உடல் எடையில் எலும்பு ஏறத்தாழ 8 சதவீதந்தான். பூனைக்கு 12, 13 சதவீதம் வரை இருக்கும். மெல்லிய எலும்பு, பின்கால்களிலோ மிகப் பலமான தசை. நடுவில் பிடித்துப் பின்பகுதியைத் தொங்கவிட்டால், அது திமிறி உதைக்கும் வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளலாம். காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் எங்கள் ஊர்களில் இருந்தது. அதை இங்கே ஒருபோதும் செய்யாதீர்கள். இன்னொன்று, பயந்த முயல் சாப்பிடாது. சாப்பிடாத முயலின் குடல் இயக்கம் மெதுவாகி நின்றுபோகத் தொடங்கும். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் இருக்கிறது என்றால் அது வைத்தியரை அழைக்கவேண்டிய அவசரம். அதனால் பயத்தைக் குறைப்பதைக் கருணை என்று மட்டும் நான் பார்க்கவில்லை. அதுவும் வைத்தியத்தின் ஒரு பகுதி.

எங்கே வைத்துக் கொடுப்பது? தரையில். மேசையிலும் வேண்டாம், மடியிலும் வேண்டாம். வழுக்கும் பார்க்கே மரத்தரை என்றால் ஒரு விரிப்பைப் போடுங்கள். முழங்காலில் இருந்துகொண்டு, முயலின் பின்பக்கம் உங்கள் தொடைகளோடு ஒட்டி இருக்கும்படி, அதன் முகம் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி இருத்துங்கள். இப்போது அதற்குப் பின்வாங்க இடமில்லை, ஆனால் நான்கு கால்களும் நிலத்தில் இருக்கின்றன. ஒரு கையை மார்புக்கு முன்னால் மெதுவாக அணைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கையில் இருக்கும் சிரிஞ்சு பக்கவாட்டில் வரவேண்டும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. சிரிஞ்சின் நுனி அங்கே சுகமாக நுழையும். வாயைத் திறக்கவே தேவையில்லை.

மருந்தை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். கொஞ்சம் விடுங்கள், அது மென்று விழுங்கட்டும், பிறகு இன்னும் கொஞ்சம். முயல் மூக்கால் மூச்சு விடும் பிராணி, வாயால் மூச்சு விட அதற்கு இயல்பாக வராது. தலையை மேலே நிமிர்த்திப் பிடித்து ஊற்றினால் மருந்து சுவாசக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து உண்டு. தலை சாதாரணமாக இருக்கும் நிலையிலேயே இருக்கவேண்டும். ஒரு மில்லிலீற்றர் அளவுள்ள சின்னச் சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள்; கையும் நடுங்காது, அளவும் பிழைக்காது.

மிகவும் திமிறும் முயலைத் துவாயில் சுற்றலாம். கால்கள் உள்ளே, தலை வெளியே. சுற்றினால் இறுக்கமாகவும் உறுதியாகவும் இருக்கவேண்டும். தளர்வாகச் சுற்றினால் உதைக்க இடம் கிடைத்துவிடும். ஆனால் முயலுக்கு வியர்க்காது. கோடையில், மூடிய அறையில் நெடுநேரம் சுற்றி வைத்திருக்கக்கூடாது. ஓரிரு நிமிடத்தில் வேலையை முடித்து விட்டுவிடுங்கள்.

மல்லாத்திப் பிடித்தால் முயல் அசையாமல் கிடக்கும், அமைதியாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். இணையத்தில் அப்படிக் காணொளிகளும் நிறையச் சுற்றுகின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தரும் காணொளிகள் அவை. 2006இல் இங்கிலாந்தில் ஆன் மக்பிரைடும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்தபோது, அப்படி அசையாமல் கிடக்கும் முயலின் உடலில் தெரிந்தவை பயத்தின் அடையாளங்கள். இதயத் துடிப்பு, மூச்சு வேகம், மன அழுத்த ஹோர்மோன் எல்லாம் அதைத்தான் காட்டின. பிடிபட்ட இரை செத்ததுபோல் கிடக்கும் நிலை அது. மருந்து கொடுப்பதற்கு அந்த வழியைப் பயன்படுத்த வேண்டாம்.

சரி, பிடிக்கவே தேவையில்லாத வழி உண்டா? பல முயல்களுக்கு உண்டு. மல்லியிலையை விரும்பாத முயல் குறைவு. எங்கள் சமையலறையில் மல்லியிலை இல்லாத நாளும் குறைவு. மருந்துத் துளிகளை ஓர் இலையில் தடவி நீட்டிப் பாருங்கள். நக அளவு வாழைப்பழத்தை மசித்து அதற்குள் மருந்தை வைக்கலாம், அல்லது சிரிஞ்சின் நுனியில் மட்டும் பழத்தைப் பூசலாம். பழத்தில் இனிப்பு அதிகம், ஆகையால் அந்த அளவைத் தாண்டாதீர்கள். வலிக்குக் கொடுக்கும் மெலோக்சிகாம் திரவங்களில் சில தேன் சுவையோடு வருகின்றன. அதைத் தானாகவே நக்கிக் குடிக்கும் முயல்கள் இருக்கின்றன. என்ரோஃப்ளோக்சசின் என்ற அன்ரிபயோட்டிக்கோ கசப்பானது. அதைக் கொண்டு முயலை ஏமாற்றுவது கடினம். குளிசை தந்தால், பொடியாக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்காமல் பொடியாக்கக் கூடாது.

குடிக்கும் தண்ணீரில் கலப்பது நல்ல வழியில்லை. வருத்தக்கார முயல் குறைவாகத்தான் குடிக்கும். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. தவிர, இந்த நாட்டில் முயலைத் தனியாக வளர்ப்பதை விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்க்கின்றன. கூடி வாழும் விலங்கினங்களுக்குத் தம் இனத்தோடு தொடர்பு இருக்கவேண்டும் என்று விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 13ஆம் பிரிவும் சொல்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் இரண்டு முயல்கள் இருந்தால், தண்ணீரில் கலந்த நோயாளியின் மருந்தை மற்றது குடித்துவிடும். அதற்காகத் துணையை வேறு அறையில் அடைத்துவிடாதீர்கள். மருந்து கொடுக்கும் அந்த இரண்டு நிமிடமும் வேறொருவர் துணை முயலுக்கு மல்லியிலை கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். வைத்தியரிடம் போகும்போதும் இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டு போகலாம். பக்கத்தில் துணை இருக்கும் முயல் குறைவாகப் பயப்படும்.

அதே ஒழுங்குவிதி, முயலின் இருப்பிடத்தில் அது ஒதுங்கிக்கொள்ள ஓர் இருட்டான பகுதி இருக்கவேண்டும் என்றும் கேட்கிறது. அந்த மறைவிடத்துக்குள் கையை விட்டு முயலை இழுத்து எடுக்கவே எடுக்காதீர்கள், என்ன அவசரம் என்றாலும். ஒரு தடவை அப்படிச் செய்தால், அந்த வீட்டில் அதற்குப் பாதுகாப்பான இடம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். வெளியே வரும்வரை காத்திருங்கள். சாப்பாட்டு நேரத்தையும் மருந்து நேரத்தையும் ஒன்றாக்குங்கள். பசியில் அது தானாக வரும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒன்று இருக்கிறது. சிரிஞ்சை முயல் முதன்முதலாகக் காண்பது நோயில் கிடக்கும் நாளாக இருக்கக்கூடாது. சுகமாக இருக்கும்போதே, மருந்தில்லாத சிரிஞ்சில் ஒரு துளி அப்பிள் சாறோ மசித்த வாழைப்பழமோ வைத்துத் தரையில் இருந்தபடி நீட்டுங்கள். பிடிக்காமல், தொடாமல். வந்து நக்கினால் நக்கட்டும், வராவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம். இந்தப் பழக்கம் வந்த முயலுக்குப் பிற்காலத்தில் 28 நாள் மருந்து எழுதித் தந்தாலும் வீடு தாங்கும். 28 நாள் என்பது நான் பெருப்பித்துச் சொல்லும் எண் இல்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்துபோகும் என்செஃபலிடோசூன் என்ற ஒட்டுண்ணி நோய்க்கு ஃபென்பெண்டசோல் மருந்தை வழக்கமாக அத்தனை நாள்தான் கொடுப்பார்கள்.

இனி வைத்தியரின் அறையில் நடப்பது. எங்கள் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைதான் மொழிபெயர்க்கும். ஜெர்மனில் கேட்டதைத் தமிழில் சொல்லும்போது மில்லிகிராமும் மில்லிலீற்றரும் இடம் மாறிப்போகலாம். நாய்க்கான மெலோக்சிகாம் திரவத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 1.5 மில்லிகிராம் மருந்து இருக்கும், பூனைக்கானதில் 0.5 மில்லிகிராம். போத்தல் மாறினால் அளவு மூன்று மடங்கு கூடும், அல்லது மூன்றில் ஒன்றாகக் குறையும். ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள்: இந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று பேனாவால் அடையாளம் போட்டுத் தாருங்கள், முதல் தடவை நீங்களே கொடுத்துக் காட்டுங்கள். கோட்டைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை.

வீட்டு அலுமாரியில் இருக்கும் மருந்தைத் தொடவேண்டாம். மனிதருக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் ஒரு முயலைக் கொன்றுவிடலாம். பென்சிலின் வகையும் கிளின்டமைசினும் வாய்வழியே போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து நச்சுக் கிருமிகள் பெருகும். நாய்க்கு உண்ணிக்காகப் போடும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சு. அதேபோல் முயலின் மருந்தை வீட்டில் உள்ள சின்னப்பிள்ளை குடித்துவிட்டால், உடனே 145 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சூரிச்சில் இருக்கும் நச்சு ஆலோசனை நிலையம் அது, இரவும் பகலும் பதில் சொல்வார்கள்.

எல்லாம் செய்தும் உங்கள் முயல் விடவில்லை என்றால் என்ன செய்வது? அப்படியும் முயல்கள் உண்டு. மருந்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் மிக மோசமான முடிவு. வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்து, கொடுக்க முடியவில்லை என்று சொல்லுங்கள். இரண்டு வேளை மருந்துக்குப் பதில் ஒரு வேளை மருந்து கிடைக்கலாம், சுவை மாறலாம், ஊசியாகப் போடலாம். தோலுக்கடியில் போடும் ஊசியை வீட்டிலேயே போடப் பழக்கிவிடும் வைத்தியர்களும் உண்டு. பல முயல்களுக்கு வாயில் சிரிஞ்சு வைப்பதைவிட அந்தக் குத்து இலகுவானது. நாய், பூனை மட்டுமே அதிகம் பார்க்கும் வைத்தியர் தயங்கினால், சூரிச் பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனையில் இப்படியான சின்னப் பிராணிகளையும் பார்க்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்பும்படி கேட்கலாம்.

முயல் துள்ளி விளையாடத் தொடங்கிவிட்டது என்று நாலாம் நாளே அன்ரிபயோட்டிக்கை நிறுத்தாதீர்கள். எழுதித் தந்த நாள்வரை கொடுங்கள். முடிந்தபின் போத்தலில் மிச்சம் இருந்தால் அடுத்த நோய்க்கென்று எடுத்து வைக்கவேண்டாம், கழுவுதொட்டியில் ஊற்றவும் வேண்டாம். வாங்கிய வைத்தியரிடமோ பக்கத்து மருந்தகத்திலோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். சிரிஞ்சை மட்டும் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள், அப்பிள் சாறு கொடுக்க.