மண் போன பின் யார் சொந்தம்?



அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1939-ல் வெளியிட்ட ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை இன்று பார்ப்போம். ஓக்லஹோமாவின் ஜோடு என்னும் குத்தகை விவசாயக் குடும்பத்தின் கதை இது. வங்கிகளும் கம்பெனிகளும் விவசாயிகளை நிலத்தைவிட்டு விரட்டுகின்றன. டிராக்டர் வீட்டை இடிக்கிறது. கூலி வேலை தேடிக் கலிபோர்னியாவுக்குப் புறப்படுகிறார்கள்.

கிழவர் வர மறுக்கிறார். காபியில் மருந்து கலந்து கொடுத்து, தூக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். அன்று மாலையே உயிர் போகிறது. மண்ணைவிட்டுப் பிரித்தபோதே அவர் செத்துவிட்டார் என்கிறார் கூட வந்த கேஸி. அவர் சாகக் கூடாரம் தந்தது யார்? பிணத்துக்குப் போர்வை தந்தது யார்? வழியில் கண்ட வில்சன் தம்பதிகள். அவர்களும் ஏழைகளே!

பாலைவனத்தில் கிழவியும் சாகிறாள். பயணம் தடைப்படக் கூடாதென்று, தாய் இரவெல்லாம் பிணத்தருகே படுத்துச் சாவை மறைக்கிறாள். கலிபோர்னியாவின் பீச் பழத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தை நடத்திய கேஸியை அடித்தே கொல்கிறார்கள்.

கடைசியில், குழந்தை செத்துப் பிறந்த மகள், பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஒருவனுக்குத் தன் பாலைக் கொடுக்கிறாள்.

நாம் இதில் காண்பது என்ன? மண்ணோடு இருந்த சொந்தம் கிழவரோடு புதைந்தது. பசித்தவர்கள் கைகொடுத்த இடத்தில் புதிய சொந்தம் பிறந்தது. அதை எந்த வங்கியாலும் ஜப்தி செய்ய முடியாது!