மங்கல மேகம்

வேவு பார்க்கச் செல்லும் விமானத்துக்கு இன்றியமையாதவை இரண்டு. நெடுந்தூரம் பறக்கும் ஆற்றல் ஒன்று; பகைவரின் சண்டை விமானங்கள் துரத்துமிடத்து அகப்படாது மீளும் வேகம் மற்றொன்று. இரண்டாவது உலக மகா யுத்தத்தின் பிற்பகுதியில் இவ்விரண்டையும் ஒருங்கே பெற விழைந்த யப்பானியக் கடற்படையினர், யொக்கோசுக்காவிலிருந்த தமது விமான ஆராய்ச்சிக் கூடத்தில் புதுமையான விமானம் ஒன்றை அமைக்கலாயினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கெய்யுன்'. நன்னிமித்தமாக வானில் தோன்றும் மேகம் என்பது அதன் பொருள். பெயரில் இருந்த மங்கலம் விமானத்துக்கு வாய்க்கவில்லை.

இரட்டை எஞ்சின் விமானங்களில் சிறகுக்கு ஒன்றாக எஞ்சின்களைப் பொருத்துவதே பெருவழக்கு. அவை துருத்திக்கொண்டு நின்று எதிர்க்காற்றை வாங்குவதால் வேகம் குன்றும். இரண்டையும் உடலுக்குள்ளேயே மறைத்துவிட்டால் என்ன? இவ்வெண்ணம் யப்பானியர் தாமாகக் கண்டதன்று. ஜேர்மனியின் ஹைன்கல் நிறுவனம் தனது 119 ஆம் இலக்க விமானத்தில் அதனை முன்னரே செய்து பார்த்திருந்தது. அவ்விமானத்தை யப்பானியர் விலைக்கு வாங்கிப் பரிசோதித்துமிருந்தனர்.

கெய்யுனில் இரண்டு எஞ்சின்கள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு, விமானியின் ஆசனத்துக்குப் பின்னால் வைக்கப்பட்டன. மொத்தம் 24 சிலிண்டர்கள், 3,400 குதிரைவலு. அவ்வளவு விசையையும், விமானியறையின் அடியாகச் சென்ற நீண்ட தண்டு ஒன்று, மூக்கிலிருந்த ஆறு அலகுச் சுழல்விசிறிக்குக் கொண்டுசென்றது. மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகம் எதிர்பார்க்கப்பட்டது. கணக்கு அழகானதுதான். ஆயினும் உடலுக்குள் அடைபட்ட எஞ்சினின் வெப்பத்தை வெளியேற்றுவது எளிதான காரியமன்று.

அதற்குள் யுத்தத்தின் போக்கும் மாறிற்று. 1944 யூலையில் சைப்பான் தீவு அமெரிக்கர் கைப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தீவுக் கூட்டத்திலிருந்து எழுந்த பி-29 விமானங்கள் தோக்கியோ நகரின்மீது குண்டு பொழியத் தொடங்கின. பகைவரைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டிய தேவை அருகியது. பகைவரே தேடி வந்தனர். எனினும் விமானத்தை அமைத்தோர் அதனைக் கைவிட மனங்கொள்ளவில்லை. 'ஜெட்' எஞ்சின்களைப் பூட்டினால் இதே உடலை அதிவேகக் குண்டுவீச்சு விமானமாக மாற்றலாம் என்று எடுத்துரைத்தனர். ஒரு கனவைக் காக்க மற்றொரு கனவு! கடற்படையும் இசைந்தது. உடலமைப்பைச் சோதிப்பதற்காக முதல் விமானம் முற்றுப்பெற்றது.

தோக்கியோ விரிகுடாவின் கரையிலுள்ள கிசராசு விமானத் தளத்தில் சோதனைகள் நடைபெற்றன. தரையில் ஓடவிட்டபோதே முன்சக்கரம் கடுமையாக அதிர்ந்தது. எஞ்சினும் மிகையாகச் சூடேறிற்று. 1945 மே 8 ஆம் நாள் கெய்யுன் முதன்முறையாக வானில் எழுந்தது. அவ்வெண்ணம் பிறந்த ஜேர்மனி பணிந்ததை ஐரோப்பா கொண்டாடிய நாளும் அதுவே. எண்ணெயின் வெப்பநிலை அளவுமீறி உயரவே, விமானி விரைவில் தரையிறங்க நேர்ந்தது.

சில நாட்களின் பின், தரையில் நிகழ்ந்த சோதனையில் எஞ்சின் தீப்பற்றியது. புதிய எஞ்சின் பூட்டுமுன்னரே அமெரிக்கக் குண்டுவீச்சில் விமானம் அழிந்தது. ஓகஸ்டில் யப்பான் சரணடைந்த வேளையில், இரண்டாவது கெய்யுன் முற்றுப்பெறாத நிலையிலேயே இருந்தது.