பல வாயிலும் ஒரு திறவுகோலும்
(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் இளைஞர் பலர் இன்று சென்னையிலிருந்துகொண்டே அமெரிக்க ஐக்கிய நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கணினி வேலை செய்து வருகின்றனர். அவர்கள் சமைக்கும் இணைய வாயில்களிற் புகுந்து புறப்படுவோர் யாவர், அவர் படும் இடர் யாது என்பவற்றை வீட்டிலுள்ளாரும் அறிதல் நன்றெனக் கருதி இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

அந்நாட்டு முகவர் இரு திறத்தார். ஒரு சாரார் ஒரே கம்பெனிக்கு உரியராய் உழைப்பவர். மற்றையோர் சுயேச்சை முகவர். பல கம்பெனிகளின் பாலிஸிகளை ஒருங்கு வைத்து, வாடிக்கைக்காரருக்கு ஏற்றதைத் தேர்ந்தளிப்பவர். இன்னோருடைய தேசியச் சங்கம் 1896-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இவர்தம் தனிச் சிறப்பு யாதெனின், வாடிக்கைக்காரர் ஜாபிதாவும் பாலிஸியைப் புதுப்பிக்கும் உரிமையும் பொதுவாக முகவருக்கே சொந்தம், கம்பெனிக்கன்று. நிலபுலம்போல் அதனை விற்கவும் செய்யலாம். மக்களுக்கு விட்டுச் செல்லவும் செய்யலாம். ஆகலின் அந்த ஜாபிதாவைக் காத்தல் அவர்க்குத் தம் முதலைக் காத்தலேயாம்.

இனி இடரைக் கூறுவாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் இணைய வாயில் உண்டு. ஒவ்வொரு வாயிலுக்கும் ஒவ்வொரு கடவுச்சொல். ஒன்று தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை மாற்றுக என்னும். மற்றொன்று எண்ணும் குறியும் கலந்தெழுதுக என்னும். முகவர் ஒருவர் பத்துக் கம்பெனியோடு தொடர்புடையார், அவரிடத்து ஐந்து குமாஸ்தாக்கள் உளர் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது சொற்களாயின! மனத்திற் கொள்ளுதல் யார்க்கு இயலும்? சீட்டில் எழுதி மேசையடியில் ஒட்டுவர். அன்றி ஐவரும் ஒரு பெயரையே வழங்குவர். ‘கடவு’ என்பது வழி. கடவுச்சொல் என்னும் பெயர் பொருத்தமுடையதே. ஆயினும் ‘மறைச்சொல்’ என்பதே நமக்கு உவப்பானது. ஐவர் அறிந்தது மறையாமோ?

மறைச்சொல்லின் பிறப்பே களவொடு கூடியது. 1961-ஆம் ஆண்டில் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கார்படோ என்பார் குழுவினர் பலர் ஒருங்கே பயன்படுத்தும் கணினி முறையைச் செய்தனர். அதன்கண் மறைச்சொல் ஏற்பட்டது. மறு ஆண்டே ஆராய்ச்சி மாணவர் ஒருவர், தமக்குக் கணினி நேரம் போதாமையால், எல்லார் மறைச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். அடிக்கடி மாற்றுக என்னும் விதியைப் பரப்பிய அமெரிக்க அரசின் வழிகாட்டியை 2003-இல் எழுதிய பர் என்பவரே 2017-இல் அதற்காக வருந்தினார். மக்கள் புதுச்சொல் காணாது பழஞ்சொல்லின் இறுதியில் ஒன்று, இரண்டு என்று கூட்டிவந்தனர். அவ்வாண்டே அந்நாட்டுத் தர நிர்ணயக் கழகம், கசிந்ததற்குச் சான்றிருந்தாலன்றி மாற்றச் சொல்லற்க என்று விதியைத் திருப்பியது.

இவற்றினும் கொடியதொன்றுண்டு. குமாஸ்தா ஒருவர் வேலையை விட்டு விலகுகிறார். முகவர் பத்துக் கம்பெனிக்கும் தனித்தனி எழுதி அவர் உரிமையை நீக்கல் வேண்டும். ஒன்பது நீங்கி ஒன்று மறந்தால், அவர் எதிர்க்கடையில் அமர்ந்துகொண்டே பழைய வாடிக்கைக்காரரின் பிறந்த நாள், கார் எண், சமூகப் பாதுகாப்பு எண் அனைத்தையும் காணலாம். அவர் நல்லவராயிருப்பினும், அவர் மறைச்சொல்லைத் திருடியவன் நல்லவனாயிருப்பானா? 2017 மார்ச்சு முதல் நடந்துவரும் நியூயார்க் மாநில விதி, லைசென்ஸ் பெற்ற முகவரையும் தழுவுவது. 2023-இல் செய்த திருத்தம், விலகியோர் உரிமையை உடனே நீக்குக என்று வெளிப்படையாய்க் கூறுகிறது.

இதற்குப் பரிகாரமாக அத்தொழிலார் கூடி ‘ஐடி ஃபெடரேஷன்’ என்னும் அமைப்பின் வழியே ‘சைன்ஆன் ஒன்ஸ்’ என்பதை வகுத்தனர். குமாஸ்தா காலையில் தம் அலுவலகக் கணினி முறையில் ஒருமுறை தம்மை மெய்ப்பிக்கிறார். பின்பு எக்கம்பெனி வாயிலை அணுகினும், அலுவலக முறையே ‘இவர் இன்னார்’ என்று முத்திரையிட்ட அறிமுகச் சீட்டொன்றை அனுப்புகிறது. அச்சீட்டு சிறிது நேரமே செல்லும். கம்பெனி முத்திரையைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கும். மறைச்சொல் அங்குச் செல்வதேயில்லை. விலகியவருக்கு அலுவலகத்தில் ஒரு கதவை அடைத்தால், அச்சீட்டால் திறந்த கதவெல்லாம் அடைபடும்.

ஒரு திறவுகோல் களவுபோயின் எல்லாம் போகுமே எனின், அது மெய்யே. அதுபற்றியே இரண்டாவது சோதனை வேண்டும். தொலைபேசிக்கு வரும் ஆறிலக்க எண் ஓரளவு உதவும். ஆயினும் போலி வாயிலொன்றில் ஏமாந்து அதனையும் இட்டுவிடுவாருளர். 2019-இல் தரமாக ஏற்கப்பட்ட வெப்ஆத்தன் முறையில், திறவி தளத்தின் பெயரோடு பிணைந்திருத்தலின், போலி வாயிலில் அது இயங்காது. இதுவே நம் கருத்தில் மேலானது.

எல்லாக் கம்பெனிகளும் இம்முறையிற் சேர்ந்தில. சேராதவற்றிற்கு மறைச்சொற் பெட்டக மென்பொருள் ஒன்றை வைத்து, குமாஸ்தா ஒவ்வொருவருக்கும் தனிப்பெயரும் நீண்ட தனிச்சொல்லும் அளித்தல் தகும். புதுக் கம்பெனியோடு ஒப்பந்தம் எழுதுங்கால் கமிஷன் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்கும் முகவர், ‘உங்கள் வாயில் எங்கள் சீட்டை ஏற்குமா?’ என்றும் கேட்பாராக. அவ்வாயிலைச் சமைக்கும் நம் பிள்ளைகளும் அக்கேள்வி எழுமுன்னரே தம் மேலதிகாரியிடம் அதனை எடுத்துரைத்தல் கூடும்.