தோளில் வைத்த கை

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொல்லின்றிக் கருத்தைப் புலப்படுத்தும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுவது குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். வேற்று நாடுகளுக்குச் செல்லுமுன் நம் ஸ்ரீபுராணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணாநோன்பிருந்து, பின்னர் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் நடந்தார். அவர் வாய் திறக்கவில்லை. மக்களுக்கோ அவர்மீது அளவிறந்த அன்பு. யானையைக் கொணர்ந்தனர், குதிரையைக் கொணர்ந்தனர், மணியும் பொன்னும் குவித்தனர். பெருமான் அனைத்தையும் கடந்து நடந்தார். ஒரு கவளம் உணவளிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முனிவருக்கு உணவளிக்கும் முறையை அக்காலத்தார் அறிந்திலர். அன்பு குறைந்ததால் நேர்ந்த பட்டினி அன்று அது. குறிப்பு விளங்காமையால் நேர்ந்தது. அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரனுக்கு முற்பிறவி நினைவு வந்தது. அப்பிறவியில் முனிவர்க்கு அன்னமிட்ட கைகள் அவனுடையவை. கரும்புச் சாற்றைப் பெருமானின் கைகளில் வார்த்தான். அந்நாளையே அட்சய திருதியை என்று போற்றுகிறோம்.

இன்றும் திகம்பர முனிவர் ஆகாரத்திற்குப் புறப்படும்போது வலக்கை விரல்களைக் குவித்து வலத்தோளில் வைத்துக்கொண்டு நடப்பதைக் கண்டிருப்பீர்கள். 'உணவின் பொருட்டு வருகிறேன்' என்பதே அதன் பொருள். புறத்தவம் ஆறனுள் மூன்றாவதாகிய விருத்தி பரிசங்கியானத்தின்படி, இன்ன அடையாளம் கண்ட இல்லத்திலேயே உண்பேன் என்று மனத்துள் உறுதி பூண்டு வருவதும் உண்டு. கலசம் ஏந்தி நிற்பவரா, தேங்காய் ஏந்தி நிற்பவரா, எவரிடம் நிற்பார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அடையாளம் காணாவிடில் அன்று உபவாசம். நின்றபடியே குவித்த கைகளில் ஏற்று உண்பார். கவளத்தில் ஒரு மயிர் தென்பட்டாலும் அந்தராயம், உண்பதை நிறுத்திவிடுவார். குவித்த கைகள் பிரிந்துவிட்டால் அன்றைய ஆகாரம் முடிந்தது. இவ்வளவும் மௌனத்திலேயே நிகழ்கின்றன. பரிமாறும் சிராவகி அக்கைகளிலிருந்து கண்ணெடுப்பதில்லை.

கையின் பொருள் எங்கும் ஒன்றாயிருந்தால் எவ்வளவு எளிது! நம் சமயச் சின்னத்தில் உயர்த்திய உள்ளங்கை உள்ளது. 'அஞ்சற்க' என்றும், 'நில், தீங்கு செய்யுமுன் எண்ணிப்பார்' என்றும் அதற்குப் பொருள் கொள்கிறோம். கிரேக்க நாட்டில் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்திற்கு நேரே நீட்டினால், அது கொடிய வசை. பல்கேரியாவிலோ தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆம்' என்று பொருள். இது நம் தலையாட்டலுக்குச் சற்று நெருக்கம். அங்கே நாம் பிழைத்துக்கொள்ளலாம்.

சுவஸ்திகத்தில் அவ்வாறு பிழைக்க இயலாது. ஜெர்மனியில் பணிபுரியும் என் மகள், பகவான் மகாவீரர் நிர்வாணமடைந்த தீபாவளி நாளில், வாயிற்படியில் அரிசி மாவால் சுவஸ்திகம் இட்டாள். எதிர்வீட்டு மூதாட்டி கதவைத் திறந்தார், கண்டார், ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றுவரை அவளைக் காணும்போதெல்லாம் முறுவலித்தவர் அவர். 1920-இல் நாஜிக் கட்சி தன் கொடியில் ஏற்றிய சின்னத்திற்கும் நம் சின்னத்திற்கும் உள்ள வேறுபாட்டை அவர் எங்ஙனம் அறிவார்? அச்சின்னத்தைப் பொதுவெளியில் காட்டுவதை அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடை செய்கிறது. சமய வழிபாட்டுச் சுவஸ்திகம் அத்தடைக்கு இலக்கன்று. ஆயினும் மூதாட்டியின் கண்ணில் பட்டது சட்டம் அன்று. அவர் குடும்பம் பட்ட துயரம்.

சில நாள் கழித்து என் மகள் ஒரு தட்டில் அரிசியோடு அவர் இல்லத்திற்குச் சென்றாள். மேசைமேல் மெல்ல இட்டுக் காட்டினாள். தேவர், மனிதர், விலங்கு, நரகர் என நான்கு கதிகள். மேலே நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என மூன்று புள்ளிகள். அதற்கும் மேலே சித்தசிலையின் பிறை. அதன்மேல் ஒரு புள்ளி. மூதாட்டி அக்கடைசிப் புள்ளியைத் தொட்டு, "இது யார்?" என்று வினவினாராம். "விடுதலை பெற்ற உயிர்" என்றாள் இவள்.

அன்று முதல் அவள் வாயிலில் சுவஸ்திகம் இடுவதில்லை, பூசையறையில் இடுகிறாள். நம் அடையாளத்தை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று உறவினர் சிலர் கடிந்தனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வாயிலில் இடுவது வருவோர் போவோர்க்குச் சொல்லும் சொல். அவர்க்கு அச்சம் தருமெனின் அங்கே அதை மாற்றிச் சொல்வதும் அகிம்சையே. வட அமெரிக்க ஜைன சங்கங்களின் கூட்டமைப்பு தன் சின்னத்தில் சுவஸ்திகத்திற்கு மாற்றாக ஓங்காரத்தை வைத்திருப்பதும் இக்காரணம் பற்றியே. ஆனால் இறைவன் முன் இடும் அரிசியில் ஒரு புள்ளியும் குறைய வேண்டியதில்லை.

எனக்குள்ள கவலை வேறு. சென்ற ஆண்டு எங்கள் ஊருக்கு முனிவர் எழுந்தருளியபோது, தோளில் கை வைத்து அவர் நடந்துவந்த தெருவில், நம் பிள்ளைகள் சிலர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்றனர். மரியாதைக் குறைவால் அன்று; அக்கை என்ன சொல்கிறது என்று அவர்கட்கு எவரும் சொல்லவில்லை. கலசம் ஏந்தி எதிர்கொள்ளும் முறையறிந்த தாய்மார் ஊருக்கு இருவர் மூவரே எஞ்சியுள்ளனர். அடுத்த முறை அவர்கள் வாயிலில் நிற்கும்போது ஒரு பேரனையோ பேத்தியையோ அருகில் நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர்களுள் இருவர் இவ்வவையின் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றனர்.