நூற்றைம்பது ஆண்டு நாற்காலி

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மாநில உரிமை பற்றிப் பேசுக என்று படிப்பகத்து நண்பர்கள் பணித்தனர். நமது கதையையே நமக்கு நாம் சொல்லிக்கொள்வதை இன்றொரு மாலை நிறுத்திவைத்து, கடல் பல கடந்து, பனி போர்த்திக் கிடக்கும் ஒரு மாகாணத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கம்பளி வேண்டியதில்லை, காது கொடுத்தால் போதும்.

கனடா நாட்டில் மாகாணங்கள் பத்து. ஒன்பதில் ஆங்கிலம் பேசுவோர் பெரும்பான்மையர். ஒன்றே ஒன்றில், கியூபெக்கில் மட்டும், பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையர். 1759-இல் ஆங்கிலப் படை கியூபெக் நகரைக் கைப்பற்றிற்று. 1763-இல் பிரெஞ்சு மன்னன் ஒப்பமிட்டு அந்த மண்ணைக் கைகழுவினான். மன்னன் கைவிட்டான், மக்கள் மொழியைக் கைவிடவில்லை. 1867-இல் கனடாக் கூட்டாட்சி அமைந்தபோது, அவர்களுக்கென ஒரு சட்டமன்றமும் ஒரு முதலமைச்சர் நாற்காலியும் கிடைத்தன. அந்த நாற்காலியின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். ஆங்கிலத்தில் கனடா முழுமைக்கும் தலைவரை ஒரு பெயராலும், மாகாணத் தலைவரை வேறொரு பெயராலும் அழைப்பர். பிரெஞ்சு மொழியிலோ இருவருக்கும் ஒரே பெயர்தான்! ஒட்டாவாவில் இருப்பவரும் முதல் அமைச்சர். கியூபெக்கில் இருப்பவரும் முதல் அமைச்சர். பெயரில் சமம். பெட்டிச் சாவியில் சமமா? அங்கேதான் வழக்கு.

முப்பதுக்கு மேற்பட்டோர் அமர்ந்த நாற்காலி அது. அத்துணைப் பேரையும் வரிசையாகச் சொன்னால் இது சொற்பொழிவாக இராது, வருகைப் பதிவேடாகிவிடும். முதல்வரில் முதல்வர் ஷோவோ. நாவல் எழுதியவர். கியூபெக்கின் முதலமைச்சராக இருந்துகொண்டே ஒட்டாவா நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக அமர்ந்திருந்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்! ஆயினும் ஒன்று செய்தார்: கல்வித் துறையைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். 1875-இல் பூஷெர்வில் என்பார் முதலமைச்சராக இருந்தபோது அந்தத் துறையையே ஒழித்துவிட்டு, பள்ளிக்கூடங்களைத் திருச்சபையாரின் பொறுப்பில் விட்டார். கியூபெக்கில் அடுத்த கல்வி அமைச்சர் எப்போது வந்தார் தெரியுமா? 1964-இல். இடையே 89 ஆண்டுகள்! அந்த எண்ணை மனத்தில் முடிந்துகொள்ளுங்கள். பிறகு கேட்பேன்.

மாகாணத்திற்கு ஒரு கவர்னர் உண்டு. மைய அரசு அனுப்பிவைக்கும் மனிதர். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு என்று அண்ணா கேட்டார். கியூபெக்கில் அந்தத் தாடி இருமுறை ஆட்டையே மேய்த்திருக்கிறது!

1878. சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த பூஷெர்வில் அமைச்சரவையை, லெத்தெலியே என்ற கவர்னர் வீட்டுக்கு அனுப்பினார். கவர்னர் வேறு கட்சி. அவரை அனுப்பிய ஒட்டாவாவும் அதே வேறு கட்சி. சில திங்களில் ஒட்டாவாவில் ஆட்சி மாறிற்று. 1879-இல் கவர்னரே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இதோடு திரை விழுந்ததா? இல்லை. 1891-இல் ஆஞ்சே என்ற கவர்னர், மெர்சியே என்ற முதலமைச்சரை நீக்கினார். யார் இந்த ஆஞ்சே? 1878-இல் கவர்னரால் விரட்டப்பட்ட அதே பூஷெர்வில் அமைச்சரவையில் இருந்தவர்! மெர்சியேயின் இடத்தில் யாரை அமர்த்தினார்? அதே பூஷெர்வில்லை! அவரும் மறுக்காமல் வந்து அமர்ந்தார். நான் நாடகம் எழுதுபவன். இப்படியொரு காட்சியை எழுதிக் கொடுத்தால், 'நம்பும்படி இல்லையே' என்று நடிகர்களே திருப்பித் தந்துவிடுவார்கள்.

இந்த மெர்சியேயைப் பற்றி இரண்டு சொல். 1885-இல் லூயி ரியேல் தூக்கிலிடப்பட்டபோது, மொன்றியால் திடலில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் முழங்கி, அந்த முழக்கத்தின் மீதேறி 1887-இல் முதலமைச்சரானவர். அந்த ஆண்டே, கனடாவின் மற்ற மாகாண முதல்வர்களையும் தம் தலைநகருக்கு அழைத்து, மைய அரசிடம் என்னென்ன கேட்பது என்று கூடிப் பேசவைத்தார். ஐந்து மாகாணங்கள் கூடின. ஒட்டாவா செவிமடுக்கவில்லை. எனினும் மாகாணங்கள் ஒன்றுகூடும் வழக்கத்தின் முதல் வித்து அது.

அத்தகையவரைக் கவர்னர் எப்படி நீக்க முடிந்தது? தோழர்களே, கைதட்டுவதற்கு முன் இதையும் கேட்க வேண்டும். ரயில் பாதைக்கென ஒதுக்கிய பணத்தில் 1,00,000 டாலர், மெர்சியேயின் கட்சிக் கருவூலத்தைக் கவனித்து வந்தவர் கைக்குப் போனது. மெர்சியே மீது தொடுத்த வழக்கில் 1892-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது உண்மை. ஆனால் அதற்குள் தேர்தலில் மக்கள் கைவிட்டுவிட்டனர். கடனாளியாகி, 1894-இல் மறைந்தார். கவர்னர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார் என்பது நமது பேச்சு. உள்ளேயிருந்து தாழ்ப்பாளைக் கழற்றிவைத்தவர்கள் யார்? ஆட்சிக் கலைப்பின் வலியை அறிந்த இயக்கத்தாரிடம்தான் இதைக் கேட்க முடியும், அதனால்தான் கேட்கிறேன்.

அடுத்த நாற்பது ஆண்டுகளை ஓட்டமாகக் கடப்போம். மரம் வெட்ட வந்த கம்பெனி, காகித ஆலைக் கம்பெனி, மின்சாரக் கம்பெனி! மேலாளன் ஆங்கிலம் பேசுவான். கூலி பிரெஞ்சு பேசுவான். முதலமைச்சர்களோ கம்பெனிகளின் நண்பர்களாக இருந்தார்கள்.

பிறகு வந்தார் துப்ளெஸ்ஸி. 1936 முதல் 1939 வரை. மீண்டும் 1944 முதல் 1959-இல் சாகும்வரை. இடையில் ஐந்து ஆண்டுகள் கோத்பூ என்ற அமைதியான மனிதர் ஆண்டார். 1940-இல் பெண்களுக்கு வாக்குரிமை, 1943-இல் கட்டாயக் கல்வி, 1944-இல் அரசு மின்வாரியம் என்று மூன்று பெரும் பணிகளை ஆற்றினார். ஆற்றிவிட்டுத் தோற்றுப்போனார்!  ஏன்? துப்ளெஸ்ஸி உரிமை பேசினார். ஒட்டாவாவின் பெயரைச் சொன்னாலே சீறினார். 1948 ஜனவரி 21-இல் சட்டமன்றக் கோபுரத்தில் பறந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கி, நீல நிலத்தில் வெண்சிலுவையும் நான்கு லில்லி மலர்களும் பொறித்த கியூபெக் கொடியை ஏற்றினார். 1954-இல் மாகாணத்திற்கெனத் தனி வருமான வரி விதித்து, ஒட்டாவாவைத் தன் வரியில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கச் செய்தார். மறுக்க முடியாத வெற்றிகள். நானும் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கொடியின் கீழே நடந்தது என்ன? 1937-இல் பூட்டுச் சட்டம். பொதுவுடைமை பரப்புவதாகக் கருதப்படும் எந்த வீட்டையும் பூட்டலாம். பொதுவுடைமை என்றால் என்னவென்று சட்டம் சொல்லாது! உயர்நீதிமன்றத்துக்கும் மேலான நாட்டின் உச்ச நீதிமன்றம் 1957-இல் அதை வீழ்த்தும்வரை, இருபது ஆண்டு அந்தப் பூட்டு தொங்கிற்று. 1949-இல் கல்நார்ச் சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழ 5,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, உரிமை பேசிய முதல்வர் கம்பெனிக்குக் காவலாகப் போலீசை அனுப்பினார். தொழிலாளர் பக்கம் நின்ற மொன்றியால் பேராயர் மறு ஆண்டே பதவி விலக நேர்ந்தது. தமக்குப் பிடிக்காத சமயப் பிரிவினருக்குப் பிணை கொடுத்தார் என்பதற்காக ஓர் உணவு விடுதிக்காரரின் மது உரிமத்தைப் பறிக்கச் செய்தார். 1959-இல் உச்ச நீதிமன்றம், முதலமைச்சரே தம் பொறுப்பில் 33,000 டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்களுக்கு ஒட்டாவா தர வந்த பணத்தை மாகாண உரிமையில் தலையீடு என்று தடுத்தார். சரி, தடுத்தார், தம் பணத்தால் தக்க கல்வி தந்தாரா? அவர் காலம் முழுதும் கியூபெக்கில் கல்வி அமைச்சர் இல்லை.

அதன் கூலி என்ன? 1961 கணக்கின்படி, கியூபெக்கில் வாழ்ந்த 14 இனப் பிரிவுகளை ஆண்களின் வருவாய் வாரியாக அடுக்கியபோது, பிரெஞ்சு பேசுவோர் 12-ஆம் இடத்தில் இருந்தனர். சொந்த மண்ணில்! சொந்தக் கொடியின் கீழ்!

துப்ளெஸ்ஸி மறைந்ததும் அவர் கட்சியிலேயே சோவே என்பவர் முதல்வரானார். 'இனிமேல்' என்ற ஒற்றைச் சொல்லைத் தம் ஆட்சியின் அடையாளமாக்கினார். நூற்றுச் சொச்ச நாளில், 1960 பிறந்த மறுநாளே இறந்தார். அந்த 'இனிமேல்' எதிர்க்கட்சிக்குப் போயிற்று. 1960 ஜூன் 22-இல் ழான் லெசாஜ் வென்றார். 1962-இல் 'நம் வீட்டுக்கு நாமே எசமானர்' என்ற முழக்கத்தோடு தேர்தலுக்குப் போனார். முழக்கத்தின் பொருள் கவிதையல்ல, மின்சாரம்! தனியார் மின் கம்பெனிகளை வாங்கி அரசு வாரியத்தோடு இணைப்பது. அந்தத் துறையின் அமைச்சர் ரெனே லெவெக். செய்தியாளராக இருந்தவர், கரும்பலகையும் கோலும் வைத்துக்கொண்டு மக்களுக்குக் கணக்கு விளக்கினார். சட்டக் கல்லூரிப் படிப்பை முடிக்காமலே வெளியேறியவர். (இதைக் கேட்டு என்னைப் போன்றவர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரலாம்.) 11 கம்பெனிகள் மக்கள் உடைமையாயின. 1964-இல் கல்வி அமைச்சர் வந்தார். 1965-இல் ஓய்வூதியப் பணத்தைத் திரட்டி மாகாணத்திற்குள்ளேயே முதலிடும் தனி நிதியம் வந்தது. துப்ளெஸ்ஸி கேட்ட உரிமையைவிட லெசாஜ் கூடுதலாகப் பெற்றார். பெற்றதைப் பள்ளியாகவும் மின்கம்பமாகவும் மாற்றினார்.

1966-இல் டேனியல் ஜான்சன். 1968-இல் ஒரு பேரணையைத் திறக்கச் சென்ற இடத்தில், விழா நாளன்று காலை உயிர் நீத்துக் கிடந்தார். அந்த அணை இன்று அவர் பெயர் தாங்குகிறது. அவர் மக்கள் இருவரும் பிற்காலத்தில் முதலமைச்சராயினர்: ஒருவர் 1985-இல், தனிநாடு கேட்ட கட்சியின் சார்பில், மற்றவர் 1994-இல், அதை எதிர்த்த கட்சியின் சார்பில்!

1970-இல் முப்பத்தாறு வயதில் முதல்வரான பூராசா, 1974-இல் பிரெஞ்சை ஆட்சிமொழியாக்கினார். 1976 நவம்பர் 15-இல் கட்சியும் தோற்றது, அவரும் தம் தொகுதியிலேயே தோற்றார். தொகுதியின் பெயர் மெர்சியே. வென்றவர் ஒரு கவிஞர், ஜெரால் கோதான். அன்று ஆட்சிக்கு வந்தது, 1968-இல் தோன்றிய கட்சி. அதன் தலைவர் கரும்பலகைக்கார லெவெக்.

1977-இல் லெவெக் அரசு இரண்டு சட்டம் செய்தது. ஒன்று உலகறிந்த 101-ஆம் சட்டம். அலுவலகத்தில், ஆலையில், கடைப் பலகையில் பிரெஞ்சு; புதிதாகக் குடியேறுவோரின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளி. அதுவரை மொன்றியாலில் குடியேறியோர் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளியையே நாடினர். ஒரு தலைமுறையில் ஓட்டம் திசை மாறிற்று. மற்றது நம்மில் பலர் அறியாத சட்டம்: கட்சிகளுக்குக் கம்பெனி பணம் தரக்கூடாது, தொழிற்சங்கமும் தரக்கூடாது, வாக்காளன் மட்டுமே, தன் பணத்தை, ஒரு வரம்புக்குள் தரலாம். மெர்சியேயை வீழ்த்திய ரயில் பாதைப் பணத்திற்கு 86 ஆண்டு கழித்துப் போட்ட தாழ்ப்பாள் அது. மொழிச் சட்டத்திற்கு எழுந்த கைதட்டல் இதற்கு எழவில்லை. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

1980 மே 20-இல் தனித்தன்மையோடு பிரிவதற்குப் பேச்சு நடத்த மக்களிடம் ஒப்புதல் கேட்டார் லெவெக். நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றனர். ஏற்றுக்கொண்டார், அடுத்த தேர்தலில் மக்கள் மீண்டும் அவரையே அமர்த்தினர். 1981 நவம்பரில் மற்ற ஒன்பது மாகாணங்களும் ஒட்டாவாவும் அவரை விட்டுவிட்டு ஓர் இரவில் அரசமைப்பு உடன்பாடு கண்டன. அந்த அரசமைப்பில் கியூபெக் அரசு கையெழுத்திடவில்லை.

1995 அக்டோபர் 30. முதல்வர் பாரிசோ. மீண்டும் பொதுவாக்கெடுப்பு. நூற்றுக்கு 93 பேருக்கு மேல் வாக்களித்தனர். வேண்டும் என்றோர் 49.42, வேண்டாம் என்றோர் 50.58. வேறுபாடு 54,288 வாக்கு! அந்த இரவில் மேடையேறிய பாரிசோ சொன்னார்: நாம் பணத்தாலும் இன வாக்குகளாலும் தோற்கடிக்கப்பட்டோம் என்று. மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார்.

இன வாக்குகள் என்றாரே, அவர்கள் யார்? மொன்றியால் நகரில் குடியேறியவர்கள். இத்தாலியர், கிரேக்கர், எயித்தியர். 1983-க்குப் பிறகு வீடிழந்து, மொழிக்காகவும் இனத்திற்காகவும் அடிபட்டு, அந்தப் பனிநகரில் ஒதுங்கிய நமது ஈழத் தமிழரும் அங்கே இருந்தனர். அவர்தம் பிள்ளைகள் 101-ஆம் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தனர்.

மெர்சியே தொகுதியில் பூராசாவை வென்ற கவிஞர் கோதானை மறந்துவிடாதீர்கள். அவர் பின்னர் குடியேறியோர் துறைக்கு அமைச்சராக இருந்தார். விடியுமுன் சுரங்க ரயிலில் வேலைக்குப் போகும் குடியேறிய தொழிலாளரைப் பற்றி அவர் எழுதிய கவிதையொன்று, மொன்றியாலில் மோன்-றோயால் ரயில் நிலையத்தருகே ஒரு சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாரிசோவின் கட்சிக்காரர்தாம் அவரும். 1994 அக்டோபரில் மறைந்தார். அடுத்த அக்டோபரில் தம் கட்சித் தலைவர் அந்த மேடையில் பேசியதை அவர் கேட்கவில்லை.