குழந்தைகளும் பெருங்குடல் புண் அழற்சியும்
(புதுதில்லி கோல் மார்க்கெட்டில் நிகழ்த்தப்பெற்ற உரை)

கோல் மார்க்கெட்டுக்கு அண்மையில் 1916-இல் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியும், 1956-இல் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனையும் தோன்றின. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம் 1954-இல் முதன்முதலாகத் தொடங்கப்பெற்றதும் தில்லியிலேதான். மருத்துவ வசதி கைக்கெட்டும் தொலைவில் உள்ள இத்தகைய பகுதியிலும், காலம் தாழ்த்திக் கண்டறியப்படக்கூடிய நோய் ஒன்று உண்டு. பெருங்குடல் புண் அழற்சி, அதாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், என்பது அதன் பெயர்.

இது மேலை நாடுகளுக்கே உரிய நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பஞ்சாபில் நடந்து 2003-இல் வெளியான கணக்கெடுப்பு, இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 44 பேர் இந்நோயுடன் வாழ்வதைக் காட்டி, அக்கருத்தை மாற்றியது.

வயது வந்தோர் பலரிடம் அழற்சி மலக்குடலிலோ பெருங்குடலின் இடப்பகுதியிலோ அடங்கி நிற்கும். குழந்தைகளுள் பெரும்பாலோர்க்குத் தொடக்கத்திலேயே பெருங்குடல் முழுவதும் அது பரவியிருக்கும். சிறு பகுதியில் தொடங்கியதும் சில ஆண்டுகளில் மேல்நோக்கிப் பரவக்கூடும். தணிவதும் மீண்டும் சீறுவதும் இந்நோயின் இயல்பு. கடுமையாகச் சீறும்போது மருத்துவமனையில் சேர்த்து ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியே செலுத்த நேரிடும். அதற்கும் கட்டுப்படாவிடில் அடுத்த நிலை மருந்துகள் தேவைப்படும். அவையும் பயனளிக்காவிடில் பெருங்குடலையே அகற்ற வேண்டிவரும். நோய் தொடங்கி எட்டுப் பத்து ஆண்டுகள் கடந்தபின் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுவதால், குறித்த காலங்களில் உள்நோக்கிச் சோதனை இன்றியமையாதது. பத்து வயதில் நோயுற்ற குழந்தை, இருபது வயதிலேயே இக்கண்காணிப்புக்கு உரியதாகிவிடுகிறது.

குருதி கலந்த வயிற்றுப்போக்கு நம் நாட்டில் பெரும்பாலும் சீதபேதி என்றே கொள்ளப்படுகிறது. கிருமிகளால் அது நேர்வதும் மிகுதியே. ஆயினும் சில வாரங்கள் கடந்தும் நீடித்தால், மலச் சோதனையும் உள்நோக்கி வழியே திசுச் சோதனையும் செய்து உண்மையை அறிதல் வேண்டும்.

பொருளாதார நோக்கிலும் இது கருதத்தக்கது. குருதிப்போக்கு நின்றதும் சில பெற்றோர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். குழந்தை ஓடி விளையாடும்போது மாதந்தோறும் மாத்திரைக்குச் செலவிடுவது வீண் என்று தோன்றுவது இயற்கையே. ஆனால் அடங்கிய நோய் அகன்ற நோய் ஆகாது. மெசலசின் போன்ற மருந்தைத் தொடர்வது மீண்டும் சீறும் வாய்ப்பைக் குறைக்கிறது. நிறுத்தியதால் நோய் திரும்பினால், மருத்துவமனைச் செலவுடன் பெற்றோரின் வேலைநாள்களும் குழந்தையின் பள்ளிநாள்களும் இழப்பாகின்றன. மீண்டும் மீண்டும் தரப்படும் ஸ்டீராய்டு வளர்ச்சியையும் எலும்பின் வலிமையையும் குறைக்கிறது. இவ்விழப்பு எந்த வரவுசெலவுக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளை அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பரிசோதிக்க வகைசெய்கிறது. கடும் இரத்தசோகை அங்கு கண்டறியப்படும் குறைகளுள் ஒன்று. இரத்தசோகையுற்ற குழந்தைக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவதோடு, மலத்தில் குருதி கண்டதுண்டா, எடை குறைகிறதா என்ற வினாக்களையும் எழுப்பலாம். இதற்குப் புதிய கருவியோ கூடுதல் நிதியோ தேவையில்லை. கழிப்பறையில் கண்டதைக் கூசாமல் சொல்லக் குழந்தையைப் பழக்குவது பெற்றோர் கடமை. அதைப் பொறுமையுடன் கேட்பது மருத்துவப் பணியாளர் கடமை. இவ்விரண்டும் நிறைவேறினால், அருகிலுள்ள மருத்துவமனை உரிய காலத்தில் பயன்தரும்.