நாற்றத்துக்குப் பகடை உருட்டுகிறவர்கள்

(ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

அரக்கர்களை உருவாக்குவது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். முனைவர் பட்ட ஆய்வை முடிக்காமல் பகடை உருட்டிக்கொண்டிருக்கிறாள் என்று என் வீட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பகடை எனக்கு ஒரு பாடம் நடத்தியது. அதை நடத்தியவர் இந்தக் குப்பத்துத் தம்பி ஒருவர். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவோம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வெற்றியா தோல்வியா என்பதை 20 முகப் பகடை சொல்லும். எதிரே வரும் அரக்கர்களை விவரிக்க ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்று 1977இல் தனிப் புத்தகமே வந்தது. ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு பதிவு: எங்கே வசிக்கும், எவ்வளவு அடி தாங்கும், அறிவு எவ்வளவு, குணம் நல்லதா கெட்டதா.

எங்கள் குழுவில் கதை சொல்வது நான். அடையாற்று முகத்துவாரத்தையும் உடைந்த பாலத்தையும் வைத்து ஒரு கதை எழுதினேன். அதற்காகக் ‘கழிமுகத்தான்’ என்று ஓர் அரக்கனையும் உருவாக்கினேன். கறுத்த தோல், செவுள், சேற்றில் வாசம். அதன் முக்கிய ஆயுதம் நாற்றம். பக்கத்தில் போகிறவர் பகடை உருட்ட வேண்டும். 12க்குக் கீழே விழுந்தால் குமட்டல் வந்து சண்டை போட முடியாது. இது என் சொந்தக் கற்பனை இல்லை. ட்ரோக்ளோடைட் என்ற குகைவாசிக்கு 1977இலேயே நாற்றம்தான் ஆயுதம். 12 என்ற எண்ணை 2014 பதிப்பிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

முதல் சுற்றிலேயே அந்தத் தம்பி பகடையைக் கீழே வைத்துவிட்டார். “அக்கா, எங்கம்மா கூடையோட பஸ்ல ஏறுனா எல்லாரும் இதைத்தான் உருட்டுறாங்க” என்றார்.

நான் ஆம்பூர்ப் பக்கத்துக்காரி. என் அப்பா தோல் கம்பெனியில் வேலை செய்தவர். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் கடந்துபோன பிள்ளைகளின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அந்த நான்தான் இந்த விதியை எழுதினேன். யாரும் சொல்லித்தரவில்லை. என் கை தானாகவே எழுதியது. அதுதான் என்னை உலுக்கியது.

தோழர்களே, அந்தப் புத்தகத்தின் பதிவுகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆர்க் என்ற இனத்துக்கு நேராகத் ‘தீயது’ என்று போட்டிருக்கும். தனியொரு ஆர்க் என்ன செய்தது என்ற கேள்வியே அங்கே கிடையாது. பிறந்தாலே போதும். இந்த மாதிரிப் பதிவு நமக்குப் புதிதா? மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு எழுதி வைத்திருப்பதை இந்த வடிவத்தில் போட்டுப் பாருங்கள். வசிப்பிடம்: ஊருக்கு வெளியே. உடை: பிணத்தின் துணி. பாத்திரம்: உடைந்தது. நம் மண்ணின் முதல் மான்ஸ்டர் மேனுவல் அதுதான். அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அதை ஏன் கொளுத்தினார் என்று இப்போது எனக்கு வேறொரு விதத்திலும் புரிகிறது.

அமெரிக்கப் புத்தகத்தில் நம் ராட்சசனும் இருக்கிறான். புலித் தலையோடு, கையில் புகைக்குழாயோடு சொகுசாக உட்கார்ந்திருப்பான். இந்தியாவில் இருந்து பரவும் தீய சக்தி என்று அறிமுகம். சாதாரண ஆயுதம் அவனைக் கொல்லாது. குருமார் மந்திரித்த அம்பு பட்டால் உடனே செத்துவிடுவான். கைகாக்ஸுக்கு இது ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து கிடைத்தது. ஆனால் பிரம்மாஸ்திரம் விட்டு இராவணனைக் கொன்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த விதி நன்றாகப் பழகியதாயிற்றே.

இங்கே நம் இயக்கத்தின் பதில் என்னவாக இருந்தது? அரக்கன் என்று எழுதியது யார் என்று பெரியார் கேட்டார். மராட்டியத்தில் ஜோதிராவ் ஃபுலே 1873இலேயே ‘குலாம்கிரி’யில் கேட்டிருந்தார். 1974 டிசம்பர் 25 அன்று பெரியார் திடலில் மணியம்மையார் இராவண லீலா நடத்தி இராமன் உருவத்துக்குத் தீ வைத்தார். இந்தத் தலைகீழாக்கம் தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் நமக்குக் கேள்வியே பிறந்திருக்காது. ஆனால் பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டு, இந்த இனம் பிறப்பிலேயே நல்லது, அந்த இனம் பிறப்பிலேயே கெட்டது என்று எழுதினால், அட்டை மாறிய அதே புத்தகம்தான் நம் கையில் இருக்கும்.

விளையாட்டை இப்போது வெளியிடும் நிறுவனமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை அடுத்து 2020 ஜூனில், ஆர்க் போன்றவற்றைச் சித்திரித்த விதம் இனவெறியை நினைவூட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். 2024 விதிநூலில் ‘இனம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் சொல்லை எடுத்தால் மூக்கு மாறிவிடுமா?

மூக்கைப் பற்றித்தான் பேச வேண்டும். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை, நாற்றமடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த மீனைத்தான் ஊர் முழுக்கக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறது. என் அப்பா பதனிட்ட தோலில்தான் காலணி போடுகிறது. பொருளை வாங்கிக்கொள்ளும், உழைத்த உடம்பை மட்டும் நாறுகிறது என்று தள்ளி நிறுத்தும். அதற்குப் பெயர்தான் சாதி.

மகாபாரதத்தில் மீனவப் பெண் சத்தியவதிக்குப் பராசர முனிவர் கொடுக்கும் வரம், மீன் வாடையை எடுத்துவிட்டு நறுமணம் தருவது. ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமானால் உன் வாசத்தை விட்டுவிட்டு வா என்பது அதன் பொருள். நற்றிணை 45ஆம் பாடலைப் பாருங்கள். தேர் வைத்திருக்கும் பணக்கார வீட்டு மகன் நெய்தல் நிலப் பெண்ணைத் தேடி வருகிறான். தோழி சொல்கிறாள்: நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலவு நாறும், நீ தள்ளி நில், எங்களுக்குள்ளும் உன்னைப் போல் பெருமை உடையவர்கள் உண்டு. இங்கே தள்ளி நிற்க வேண்டியவன் அவன். பழந்தமிழில் பூவும் நாறும், மீனும் நாறும். நாற்றத்தை வசைச்சொல் ஆக்கியது பிற்பாடு வந்த மூக்கு.

அப்படியானால் அரக்கனே இல்லாமல் விளையாடுவதா என்று குழுவில் கேட்டார்கள். வேண்டாம். உலகத்தில் கொடுமை இருக்கும்வரை கதையில் அரக்கன் இருக்கட்டும். ஆனால் அவனைப் பிறப்பால் எழுதாமல் செயலால் எழுதுவோம் என்று முடிவு செய்தோம். இப்போது ஒவ்வொரு அரக்கனுக்கும் முதலில் மூன்று கேள்விகள் கேட்கிறோம். இதற்கு இந்தப் பெயரை வைத்தது யார்? இது என்ன செய்தது? இது செத்தால் யாருக்கு லாபம்?

கழிமுகத்தானை அந்தத் தம்பியும் நானும் சேர்ந்து திருத்தி எழுதினோம். புதிய அரக்கனுக்குச் செவுள் இல்லை, நாற்றம் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு நன்றாகப் பேசும். அதன் ஆயுதம் ஒன்றே ஒன்று: அது பக்கத்தில் வந்தால் நீங்கள் உங்கள் உடம்பையே முகர்ந்து பார்க்கத் தொடங்குவீர்கள். பகடையில் 12 விழாவிட்டால் உங்களால் பேச முடியாது. மந்திரித்த அம்பு அதை ஒன்றும் செய்யாது. உங்கள் பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் இரண்டு முறை உருட்டலாம், பெரிய எண் உங்களுக்கு. மேசையில் எல்லோரும் ஒட்டி உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பலமே கிடையாது.

போன மாதம் அந்த அரக்கனோடு மோதினோம். முதல் சுற்றில் எனக்கு விழுந்தது 4. பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தம்பி நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இன்னொரு வாட்டி உருட்டுங்கக்கா” என்றார்.

பள்ளிக்கூடத்தில் காலியாகவே இருந்த அந்த இடத்தில் ஒருவர் வந்து உட்கார எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. உங்கள் வகுப்பிலும் பேருந்திலும் அப்படி ஓர் இடம் காலியாக இருக்கும். போய் உட்காருங்கள்.